டிராஃபிக் போலீஸ் கை காட்டினால்: சண்டையும் பயமும் இல்லாமல் பேசிவிட்டு வர ஒரு முழுமையான வழிகாட்டி

ஓரங்கட்டச் சொல்லி போலீஸ்காரர் கை காட்டியதும் சிலருக்குக் கை கால் உதறும். எந்தத் தப்பும் செய்யாதவர்கூட, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். இன்னும் சிலர் கண்ணாடியை இறக்கும் முன்பே சண்டைக்குத் தயாராகிவிடுவார்கள். இரண்டுமே காரியத்தைக் கெடுக்கும். இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியது இருபது நிமிடம் இழுக்கும்.

போலீஸோடு நல்லபடியாகப் பேசுவது என்றதும் பலர் குழைவதையும் கும்பிடு போடுவதையும் நினைத்துக்கொள்கிறார்கள். அது தேவையில்லை, உதவுவதும் இல்லை. உங்களை அவருக்குத் தெரியாது. வண்டிக்குள் எத்தனை பேர், யார் எப்படிப்பட்டவர், குடித்திருக்கிறாரா, வண்டி திருட்டு வண்டியா, எதுவும் தெரியாது. தெரியாத ஒரு வண்டியை நோக்கி, பின்னால் விர்ரென்று போகும் வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நடந்து வருகிறார். அவர் யூகிக்க வேண்டியதை எவ்வளவு குறைக்கிறீர்களோ, அவ்வளவு சீக்கிரம் அவர் இயல்பாகப் பேசத் தொடங்குவார். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிதான்.

கிளம்பும் முன்

காவலர் கேட்பது பெரும்பாலும் மூன்று: லைசென்ஸ், வண்டியின் பதிவுச் சான்று, இன்சூரன்ஸ். சில நாடுகளில் புகைச் சான்றும் சேரும். மூன்றும் ஒரே உறையில், எல்லாச் சாமான்களுக்கும் மேலே, கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கட்டும். பழைய ரசீது, சார்ஜர் ஒயர், டிஷ்யூ பேப்பர் எல்லாம் திணித்த டேஷ்போர்டு பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தால், வெளியே நிற்பவருக்கு நீங்கள் எதையோ எடுக்கப் போகிறீர்கள் என்று மட்டும்தான் தெரியும். எதை என்று தெரியாது.

எந்த வடிவில் காட்டலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் அரசின் டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் இருக்கும் லைசென்ஸும் ஆர்.சி.யும் (பதிவுச் சான்று) அசலுக்குச் சமம். ஆனால் கேலரியில் கிடக்கும் போட்டோ அப்படியல்ல. அதைக் காட்டிவிட்டு "செல்லும் என்று சொன்னார்களே" என்று வாதாடிப் பயனில்லை. பிரிட்டனில் கையில் எதுவும் இல்லாவிட்டால், 7 நாளுக்குள் ஒரு காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டச் சொல்லலாம். அமெரிக்காவில் லைசென்ஸ் கையிலேயே இருக்க வேண்டும். புது நாட்டில் வண்டி எடுக்கிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

வெளிநாட்டில் ஓட்டும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் மட்டும் இருந்தால் போதாது. அது உங்கள் லைசென்ஸுக்குத் துணைதானே தவிர மாற்று இல்லை. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் செல்லும். நாடுகள் சாலைப் போக்குவரத்துக்காகச் செய்துகொண்ட 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுக்கப்படும் அனுமதி ஓர் ஆண்டுக்குத்தான். அதே விஷயத்துக்கான 1968 வியன்னா ஒப்பந்தப்படி கொடுப்பது அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். போகிற நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். வாடகைக் காராக இருந்தால் வாடகை ஒப்பந்தமும் அதே உறையில் போகட்டும்.

அப்புறம், நிறுத்தப்படாமல் இருப்பதற்கே ஒரு வழி: விளக்குகள். பிரேக் லைட் ஒன்று எரியவில்லை, நம்பர் பிளேட்டில் சேறு, ஒரு பக்க ஹெட்லைட் அவுட். காவலர் கண்ணில் முதலில் படுவது இவைதான், ஓட்டுநர் கண்ணில் படாததும் இவைதான். இருட்டிய பிறகு ஒரு சுவருக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்திப் பிரேக்கை மிதியுங்கள். கண்ணாடியில் பார்த்தால் சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு விழுகிறதா என்று தெரிந்துவிடும். உதவிக்கு ஆள்கூட வேண்டாம்.

கை சொல்வதைப் படிப்பது

1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு அருகே உலகின் முதல் போக்குவரத்து சிக்னல் வந்தது. எரிவாயு விளக்கு, அதைக் கையால் இயக்கியவர் ஒரு காவலர். அடுத்த மாதமே வாயு கசிந்து வெடித்து அவர் காயமடைந்தார். சிக்னல் தானாக மாறத் தொடங்கி எவ்வளவோ காலம் ஆன பிறகும் சட்டம் காவலரின் கையைத்தான் மேலே வைத்திருக்கிறது. வியன்னா ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது: சிக்னல், பலகை, சாலைக் கோடு எல்லாவற்றையும்விட அங்கே நின்று ஒழுங்குபடுத்தும் காவலரின் கட்டளைக்கே முதலிடம். பச்சை எரிகிறது, அவர் நில் என்கிறார் என்றால் நிற்க வேண்டும். சிவப்பு எரிகிறது, அவர் வா என்கிறார் என்றால் போக வேண்டும். "சிக்னல் சிவப்பாச்சே" என்று நின்றுகொண்டு அவரோடு சாடையில் விவாதம் நடத்துகிறவர்களால்தான் சந்திப்பு அடைத்துக்கொள்கிறது.

அதே ஒப்பந்தத்தில் மூன்று சைகைகள் உண்டு. கை நேராக மேலே உயர்ந்தால், எல்லாத் திசையும் நிற்க வேண்டும். பாதுகாப்பாக நிற்க முடியாத அளவு நெருங்கிவிட்டவரும், ஏற்கெனவே சந்திப்புக்குள் நுழைந்துவிட்டவரும் மட்டும் கடந்து போகலாம். கைகள் பக்கவாட்டில் நீண்டால், அந்தக் கைகள் காட்டும் திசையைக் குறுக்கே வெட்டி வருகிறவர்கள், அதாவது அவருக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பவர்கள், நிற்க வேண்டும். இரவில் சிவப்பு விளக்கை ஆட்டினால், அது யாரை நோக்கி ஆடுகிறதோ அவருக்கு நில் என்று பொருள்.

இரண்டாவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நிறைய பேர் இடறுவது அங்கேதான். நீட்டிய கையை அவர் கீழே இறக்கிவிடலாம். கை வலிக்கும் அல்லவா? இறக்கினாலும் முன்னும் பின்னும் இருப்பவர்களுக்கு அந்த "நில்" அப்படியே இருக்கிறது. அவர் முகமோ முதுகோ உங்கள் பக்கம் இருந்தால் காத்திருங்கள். கை இறங்கியது என்று ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள்.

இந்த மூன்றுக்கு மேல் ஒவ்வோர் ஊரிலும் அவரவர் பாணி உண்டு. புரியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து அவர் கண்ணைப் பாருங்கள், உங்கள் மார்பைத் தொட்டு "நானா?" என்று கேளுங்கள். அவர் மறுபடி காட்டுவார். புரியாமலே நகர்வதைவிட அது எவ்வளவோ மேல்.

நிறுத்தும் இடம்

காவலரைப் பார்த்த உடனே இண்டிகேட்டர் போடுங்கள். நிற்க இன்னும் நூறு மீட்டர் இருந்தாலும் பரவாயில்லை. "பார்த்துவிட்டேன், நிற்கப் போகிறேன்" என்பதை அந்த விளக்கு சொல்லிவிடும். பிறகு மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். பதற்றத்தில் பிரேக்கை அடித்தால் பின்னால் வருகிறவர் உங்கள் மேல் ஏறுவார், அப்புறம் அங்கே விஷயமே வேறாகிவிடும்.

வளைவிலும் பாலத்திலும் மேட்டின் மறுபக்கத்திலும் நிற்கக் கூடாது. ஓரத்தில் இடம் இல்லையென்றால் ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு, அடுத்து அகலமாக இருக்கும் இடம் வரை ஊர்ந்து போகலாம். ஊர்வதுதான் முக்கியம். வேகம் கூடினால் தப்பி ஓடுகிறவர் போல ஆகிவிடும். நிற்கும்போது, ஓட்டுநர் பக்கம் அவர் நிற்கக் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்தினீர்கள் என்றால் அவர் வாயால் சொல்லாவிட்டாலும் மனதில் குறித்துக்கொள்வார்.

நிறுத்தச் சொல்கிறவர் உண்மையிலேயே போலீஸ்தானா என்ற சந்தேகம் வருவது உண்டு. இரவு, ஆளில்லாத சாலை, பெயர் எழுதாத கார், சாதாரண உடை. இதில் பயப்படுவது நியாயம்தான், சட்டமும் ஓரளவு உங்கள் பக்கம் இருக்கிறது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, லைசென்ஸைக் கேட்கும் அதிகாரத்தைச் "சீருடையில் இருக்கும்" காவல் அதிகாரிக்குத்தான் கொடுக்கிறது. பிரிட்டனின் 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டம், வண்டியை நிறுத்தும் அதிகாரத்துக்கும் சீருடையை நிபந்தனையாக்குகிறது. சந்தேகம் வந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு, ஹசார்ட் லைட்டோடு மெதுவாக வெளிச்சமும் ஆளும் இருக்கும் இடம் வரை போங்கள். போகும்போதே அவசர எண்ணுக்கு அழைத்து, இந்தச் சாலையில் இப்படி ஒரு வண்டி நிறுத்தச் சொல்கிறது என்று சொல்லுங்கள். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. நின்ற பிறகு, "இருட்டாக இருந்தது, அதனால்தான் இங்கே வந்து நிறுத்தினேன்" என்று அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

முதல் அரை நிமிடம்

எஞ்சினை அணையுங்கள். பாட்டை நிறுத்துங்கள். கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். இரண்டு விரல் அளவுக்கு மட்டும் இறக்கி அந்த இடுக்கு வழியே பேசுவது யாருக்கும் பிடிக்காது. மறுபக்கக் கண்ணாடியையும் இறக்குவது நல்லது, ஏனென்றால் போக்குவரத்துக்கு ஒதுங்கி அந்தப் பக்கமாகவும் காவலர் வருவார். இரவானால் உள்விளக்கைப் போடுங்கள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி இருந்தால் கழற்றுங்கள். போனில் பேசிக்கொண்டிருந்தால், ஸ்பீக்கரில்தான் என்றாலும், துண்டியுங்கள். பிறகு இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

இந்தச் சும்மா இருப்பதுதான் கடினம். கை தானாக உறையைத் தேடிப் போகும். அவர் வந்ததும் நீட்டத் தயாராக இருப்போமே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பின்னாலிருந்து பாருங்கள்: வண்டி நின்றது, ஓட்டுநரின் தோள் சட்டென்று சரிந்தது, தலை சீட்டுக்குக் கீழே மறைந்தது, மறுபடி வந்தது. பின்கண்ணாடி வழியே அவருக்குத் தெரிவது அவ்வளவுதான். லைசென்ஸை எடுத்தாரா, பாட்டிலை ஒளித்தாரா, வேறு எதையாவது கையில் எடுத்தாரா? நடந்து வந்துகொண்டிருந்தவர் அங்கேயே நின்று, டார்ச்சை உயர்த்திப் பிடித்து, குரலை ஏற்றுவார். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்தக் குரல் இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அவர் கேட்கட்டும், "இந்தப் பெட்டியில் இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிதானமாக எடுங்கள்.

வண்டியை விட்டு இறங்கலாமா? அமெரிக்காவில் சொல்லாமல் இறங்கவே கூடாது. அதை மிரட்டலாகத்தான் பார்ப்பார்கள். இறங்கச் சொன்னால் இறங்கியாக வேண்டும், 1977இல் பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தை உறுதிப்படுத்திவிட்டது. வேறு சில இடங்களில் ஓட்டுநர் இறங்கி வந்து பேசுவதுதான் வழக்கம். பொதுவாக ஒன்று சொல்லலாம்: உட்கார்ந்தே இருங்கள், சொன்னால் இறங்குங்கள். எந்த நாட்டிலும் இதனால் சிக்கல் வராது. இருசக்கர வாகனம் என்றால் எஞ்சினை அணைத்து, ஸ்டாண்டைப் போட்டு, ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்குங்கள். முகம் தெரிந்துவிட்டாலே பேச்சு பாதி சுமுகமாகிவிடும்.

கூட வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஓட்டுநரைவிடப் பக்கத்து சீட்காரர்தான் பல நேரம் பிரச்சினையைக் கிளப்புவார். காவலர் கேட்பது ஓட்டுநரை. பின் சீட்டிலிருந்து பதில் வர வேண்டியதில்லை.

பேச்சு

முதல் வார்த்தை வணக்கமாகவோ "சொல்லுங்க சார்", "சொல்லுங்க மேடம்" என்றோ இருந்தால் போதும். வயதில் சிறியவராக இருந்தாலும் ஒருமையில் அழைக்காதீர்கள். சீருடையில் நிற்கும் இளம் பெண் காவலரை "ஏம்மா" என்று கூப்பிடுகிறவர்கள் பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர் அங்கே வேலையில் இருக்கிறார்.

"எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுதா?" என்பது உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி. இதற்கு யூகித்துப் பதில் சொல்வது வேண்டாத வேலை. அவர் பிரேக் லைட்டுக்காக நிறுத்தியிருப்பார், நீங்கள் வேகத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவீர்கள். கலிபோர்னியாவில் இந்தக் கேள்விக்கே கடிவாளம் போட்டுவிட்டார்கள்: 2024 ஜனவரி முதல், போக்குவரத்துக் குற்றத்தைப் பற்றி விசாரிக்கும் முன் எதற்காக நிறுத்தினோம் என்பதைக் காவலர்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் "தெரியலை சார், சொல்லுங்க" என்றால் போதும். உண்மையிலேயே தெரிந்து, செய்ததும் கண்ணுக்கு முன்னால் நடந்த சின்ன விஷயமாக இருந்தால் மழுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. சீட் பெல்ட் போடவில்லை என்றால் போடவில்லைதான். அதற்கு ஒரு கதை கட்டினால் அவர் அந்தக் கதையைக் காலையிலிருந்து பல முறை கேட்டிருப்பார்.

எப்படிப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். திரும்பக் கூடாத இடத்தில் திரும்பிய கார்.

"இங்க ரைட் எடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கே, பார்க்கலையா?"
"எங்க சார் போர்டு? மரம் மறைக்குது. முன்னால ரெண்டு வண்டி திரும்புச்சே, அவங்களை விட்டுட்டு என்னை மட்டும் ஏன் புடிக்கிறீங்க?"
"அவங்க போயிட்டாங்க, நீங்கதான் மாட்டினீங்க. லைசென்ஸ் எடுங்க."

இதில் ஓட்டுநர் சொன்ன முதல் பாதி சரியான வாதம். மரம் உண்மையிலேயே பலகையை மறைத்திருக்கலாம். இரண்டாம் பாதி அதை அடித்துவிட்டது. இப்போது இன்னொரு விதம்:

"போர்டு பார்க்கலையா?"
"பார்க்கலை சார். மரக்கிளை மேல விழுந்து மறைச்சிருக்கு போல, நீங்க இங்கிருந்து பாருங்களேன்."

அவர் திரும்பிப் பார்ப்பார். மறைத்திருந்தால் விட்டுவிடவும் கூடும். விடாவிட்டாலும், பலகை மறைந்திருந்ததை நீங்கள் அங்கேயே சொன்னீர்கள் என்பது பின்னால் மேல்முறையீட்டில் கைகொடுக்கும். வாதம் ஒன்றேதான், முதலாவது அவர் நேர்மையைச் சந்தேகித்தது, இரண்டாவது மரத்தைக் காட்டியது.

"நான் யார் தெரியுமா" என்பதையும், யாருக்கோ போன் போட்டு "இவர்கிட்ட ஒரு நிமிஷம் பேசுங்க" என்று போனை நீட்டுவதையும் விட்டுவிடுங்கள். முன்பு எப்படியோ, இன்று பல இடங்களில் காவலரின் சட்டையில் கேமரா இருக்கிறது. அந்தப் போனை அவர் வாங்கினால் அவருக்குத்தான் வம்பு, அதனால் விட நினைத்தவரும் விட மாட்டார். நகைச்சுவையையும் அவரே தொடங்கட்டும். "டிக்கியில் பிணமா இருக்கு" என்ற ஜோக்குக்குச் சிரிக்கிற காவலரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வீடியோ எடுப்பது பல நாடுகளில் சட்டப்படி சரிதான். எடுப்பதானால் போனை ஸ்டாண்டில் வைத்து, எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுங்கள். முகத்துக்கு நேரே நீட்டினால் உரிமை இருந்தாலும் உறவு முடிந்தது.

ஸ்பீட் கன்னும் ஊதுகிற கருவியும்

வேகத்துக்காக நிறுத்தப்பட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது "அந்த மெஷின் தப்பு சார், சைடுல நின்னு புடிச்சா அதிகமாத்தான் காட்டும்". உண்மை நேர்மாறானது. ஓரத்தில் நிலையாக நின்று பிடிக்கும் ரேடார், வண்டி தன்னை நோக்கி நேராக வந்தால்தான் முழு வேகத்தையும் காட்டும். சாய்வாகப் பிடித்தால் குறைத்துத்தான் காட்டும். 20 டிகிரி சாய்வில் 100 கிலோமீட்டர் வேகம் ஏறக்குறைய 94 என்று விழும். எனவே அந்த வாதத்தை எடுக்காதீர்கள். அது தெரிந்த காவலர் முன் நம் மதிப்புதான் குறையும். கேட்கத்தக்க கேள்வி வேறு: அது என் வண்டியின் வேகம்தானா? பழைய ரேடாரின் கற்றை விரிந்து போகும், பக்கத்தில் பெரிய வண்டி வந்தால் அதைப் பிடித்துவிட வாய்ப்புண்டு. லேசர் கருவியின் கற்றை மிகக் குறுகியது, குறிவைத்த வண்டியைத்தான் அளக்கும். "ரீடிங்கைப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் காட்டுவார்கள். காட்டாவிட்டால் அங்கே மல்லுக்கட்ட வேண்டாம், கருவியின் பெயர், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூச்சுப் பரிசோதனையில் பலர் மனம் புண்படுவது "என்னைப் பார்த்தால் குடித்தவன் மாதிரியா இருக்கு?" என்பதில்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1976இலேயே சந்தேகம் எதுவும் இல்லாமல் வருகிற வண்டிகளை நிறுத்தி ஊதச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. அது உங்கள் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவு அல்ல. ஆல்கஹால் வரம்பும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை: 100 மில்லி ரத்தத்தில் இந்தியாவில் 30 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 50, இங்கிலாந்தில் 80. ஒரு நாட்டில் பழகிய கணக்கை இன்னொரு நாட்டில் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

மவுத்வாஷ், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து போன்றவை வாயில் கொஞ்ச நேரம் தங்கி அளவைக் கூட்டிக் காட்டும். இப்போதுதான் பயன்படுத்தினீர்கள் என்றால் ஊதும் முன்பே சொல்லி, கால் மணி நேரம் கழித்து ஊதட்டுமா என்று கேளுங்கள். ஊதிய பிறகு சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். மறுப்பது மட்டும் வேண்டாம். பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் தகுந்த காரணமின்றி மறுப்பதே தனிக் குற்றம்.

அபராதம் என்று வந்துவிட்டால்

எச்சரித்து அனுப்புவதா, சீட்டு எழுதுவதா என்பதைப் பல சிறு குற்றங்களில் காவலரே முடிவு செய்யலாம். "இந்தத் தடவை விட்டுடுங்க சார்" என்று ஒரு முறை கேட்பதில் தவறில்லை. எழுதத் தொடங்கிவிட்டார் என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவான பிறகு அவர் நினைத்தாலும் அழிக்க முடியாத கருவிகள் வந்துவிட்டன.

சீட்டு கைக்கு வந்ததும் கிளம்பிவிடாமல் படியுங்கள். வண்டி எண், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு, கட்ட வேண்டிய கடைசி நாள். வண்டி எண்ணில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால் அங்கேயே காட்டுங்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் பலர் தயங்குவார்கள். அமெரிக்க மாநிலங்களில் அந்தக் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொள்வதல்ல, குறித்த நாளில் கட்டுவேன் அல்லது நீதிமன்றம் வருவேன் என்ற உறுதி மட்டும்தான். சில மாநிலங்களில் போட மறுத்தால் கைது வரை போகலாம். வேறு நாட்டில் என்றால் "இது எதுக்கான கையெழுத்து சார்?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எப்போதாவது "இங்கயே முடிச்சுக்கலாமா?" என்று ஒரு குரல் வரும். அல்லது அந்த யோசனை உங்களுக்கே வரும். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம் என்பதை ஐ.நா.வின் 2003 ஊழல் எதிர்ப்பு ஒப்பந்தமே சொல்கிறது. ஒரு சாதாரண அபராதத்தை நீங்களே குற்ற வழக்காக்கிக்கொள்ள வேண்டாம். இதற்கு உபதேசமும் வேண்டாம், முறைப்பும் வேண்டாம். "ரசீது போட்டுடுங்க சார், கட்டிடறேன்." அவ்வளவுதான். அதில் குற்றச்சாட்டு இல்லை, அவருக்கும் முகம் வாட வேண்டியதில்லை.

கட்டும் முன் இரண்டு விஷயம். சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி உண்டா என்று பாருங்கள். ஸ்பெயினில் பெரும்பாலான அபராதங்களுக்கு 20 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகைதான். ஆனால் அப்படிக் கட்டினால் அந்த அபராதத்தை எதிர்த்து ஆட்சேபம் எழுப்பும் வாய்ப்பை விட்டுக்கொடுத்ததாகப் பொருள். எதிர்த்து வாதாடப் போகிறீர்களா, பாதியைக் கட்டித் தலைமுழுகப் போகிறீர்களா என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, "உங்கள் வண்டிக்கு அபராதம் நிலுவையில் உள்ளது" என்று வரும் குறுஞ்செய்தி. அதிலிருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள், செயலி எதையும் இறக்காதீர்கள். போக்குவரத்துத் துறையின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உண்மையான அபராதம் அங்கே இருக்கும்.

தப்பே செய்யாதபோது

போலீஸோடு பேசுவது என்றாலே மாட்டிக்கொள்வது என்று நினைக்கத் தேவையில்லை. வழி கேட்கலாம், பழுதாகி நின்றால் உதவி கேட்கலாம், முன்னால் சாலையில் எண்ணெய் கொட்டிக்கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஒரே நிபந்தனை, சந்திப்பின் நடுவில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பவர் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் கேட்கக் கூடாது. அவர் உங்களைப் பார்க்கும் அந்த ஐந்து விநாடியில் நான்கு பக்கமும் நகரத் தொடங்கிவிடும். தாண்டிப் போய் நிறுத்திவிட்டு நடந்து வந்து, ஓரத்தில் நிற்கும் இன்னொரு காவலரிடம் கேளுங்கள்.

சாலையோரம் போலீஸ் வண்டி விளக்கு மின்ன நின்றிருந்தால், யாரையோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே உரசிப் போவது நம் பழக்கம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதற்குச் சட்டமே இருக்கிறது: ஒரு தடம் தள்ளிப் போக வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சட்டம் இல்லாத ஊரிலும் செய்யலாம். அங்கே சாலைப் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்து ஒருவர் லைசென்ஸ் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

விபத்து நடந்த இடத்தில் நீங்கள் முதலில் வந்தவராக இருந்தால், காவலர் வந்ததும் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "சிவப்பு கார் இந்தப் பக்கமிருந்து வந்தது, பைக் அந்தப் பக்கமிருந்து" என்பது சாட்சி. "அவன் போன் பேசிக்கிட்டேதான் வந்திருப்பான்" என்பது சாட்சி இல்லை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவிய ஒருவரை அதற்காகச் சட்ட நடவடிக்கையில் சிக்க வைக்கக் கூடாது என்று பாதுகாக்கிறது. தயங்கி நின்றவர்களிடம் இதைச் சொன்னால் இன்னும் இரண்டு பேர் கை கொடுக்க வருவார்கள்.

கிளம்பும்போதும், அதற்குப் பிறகும்

"போகலாமா சார்?" என்று கேட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். சில நேரம் அவர் கையிலேயே உங்கள் லைசென்ஸ் இருக்கும். கோபத்தில் டயர் கிறீச்சிடக் கிளம்பினால் இரண்டாவது சீட்டும் கிடைக்கலாம். சீட் பெல்ட், இண்டிகேட்டர், கண்ணாடி பார்த்துவிட்டு மெதுவாகச் சாலையில் ஏறுங்கள். மனம் இன்னும் கொதிக்கிறது என்றால் கொஞ்ச தூரத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்.

அவர் நடந்துகொண்டது சரியில்லை என்றால், அன்றே எழுதி வைத்துவிடுங்கள்: நேரம், இடம், சட்டையில் இருந்த பெயர் அல்லது எண், போலீஸ் வண்டியின் எண், சொன்ன வார்த்தைகள் சொன்னபடியே. "மரியாதை இல்லாமல் பேசினார்" என்று எழுதினால் மேலதிகாரி கோப்பை மூடிவிடுவார். என்ன சொன்னார் என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். அபராதம் தவறு என்பது ஒரு புகார், நடத்தை தவறு என்பது வேறு புகார். முதலாவது நீதிமன்றத்துக்கோ மேல்முறையீட்டு அதிகாரிக்கோ போகும், இரண்டாவது காவல்துறையின் மேலதிகாரிக்கு. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டுமே அலையும்.

நன்றாக நடந்துகொண்டவருக்கும் இதே விவரங்களோடு நாலு வரி எழுதிப் போடலாம். கொட்டும் மழையில் டயர் மாற்ற டார்ச் பிடித்தவர், பயந்து அழுத குழந்தையைச் சிரிக்க வைத்தவர், எழுதாமல் எச்சரித்து அனுப்பியவர். கடைசி வகையில் மட்டும் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள். "அபராதம் போடாமல் விட்டார்" என்று பாராட்டினால் அவருக்கே கேள்வி வந்து சேரலாம், "பொறுமையாக விளக்கிச் சொன்னார்" என்று எழுதினால் போதும். பெயர் நினைவில்லை என்றாலும் இடமும் நேரமும் சரியாக இருந்தால் அன்று அங்கே பணியில் இருந்தவர் யார் என்று அவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.